சர்வீஸ் அனுபவமெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது: விக்கியா, ஷேர்பாயின்ட்டா, சாட்பாட்டா?

போர்வெல்_பேனல் கேட்டது:

வணக்கம். கோவையில் நீர்மூழ்கி பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம். சர்வீஸ் பிரிவில் 22 பேர். அதில் 14 பேர் ஊர் ஊராகப் போகும் டெக்னீஷியன்கள்.

புகார் பதிவேடு எக்செல்லில் இருக்கிறது. டிராயிங்கும் வைண்டிங் டேட்டாவும் (மோட்டாரில் கம்பி சுற்றும் அளவுகள்) ஒரு பொது ஃபோல்டரில், ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் கரெக்ட் 2’ என்ற பெயர்களில் இருக்கின்றன. களத்தில் கற்றுக்கொண்டதெல்லாம் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில். சந்தேகம் கேட்டால் 5 நிமிடத்தில் பதில் வந்துவிடும், அதில் குறையில்லை. ஆனால் அதே கேள்வி அடுத்த மாதம் இன்னொருவரிடமிருந்து வருகிறது. பழைய பதிலைத் தேடினால் கிடைப்பதில்லை. பதில் சொல்வதும் பெரும்பாலும் இரண்டே சீனியர்கள். ஒருவர் வைண்டிங், மற்றவர் களப் பழுது. இருவருக்கும் வருகிற மார்ச்சில் ஓய்வு.

‘ஒரு சாஃப்ட்வேர் பார்த்து வாங்கிடுங்க’ என்கிறது மேனேஜ்மென்ட். ஒரு விற்பனையாளர் மைக்ரோசாஃப்ட்டின் ஆவணப் பகிர்வுத் தளமான ஷேர்பாயின்ட் என்கிறார், இன்னொருவர் ஏஐ சாட்பாட் போட்டால் எல்லாம் முடிந்தது என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? எந்தக் கருவி? டெக்னீஷியன்களை எழுத வைப்பது எப்படி? பெரும்பாலானவர்களுக்குத் தமிழில்தான் எழுத வரும்.

குறிப்பேடு எழுதியது:

கருவியைக் கடைசியில் பாருங்க. முதலில் கடந்த 12 மாதப் புகாரை எடுத்து, பழுது வாரியாகப் பிரிச்சு எண்ணுங்க. எத்தனை முறை வந்தது, சீனியரைக் கூப்பிடாமல் முடிஞ்சதா, ரெண்டாவது விசிட் தேவைப்பட்டதா, இந்த மூணு விவரம் போதும். அடிக்கடி வருவதும் சீனியர் இல்லாமல் முடியாததுமாக 25, 30 விஷயம் மேலே வந்து நிற்கும். அதுதான் முதல் பட்டியல். ‘எல்லாத்தையும் டாக்குமென்ட் பண்ணிடலாம்’ என்று இறங்கினால் மூணாவது வாரம் மூச்சு வாங்கும். அப்படி பாதியில் நின்ற விக்கிகள் (எல்லோரும் எழுதித் திருத்தும் பக்கத் தொகுப்புகள்) ஊருக்கு ஊர் இருக்கு.

எழுதும் முறைக்கு கேசிஎஸ் (நாலெட்ஜ் சென்டர்ட் சர்வீஸ்) என்று ஒன்று இருக்கு. கன்சார்டியம் ஃபார் சர்வீஸ் இன்னோவேஷன் என்ற அமைப்பு 1992 முதல் வளர்த்து வருவது. புகாரை முடிச்சுட்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதும் வேலை அதில் இல்லை. புகாரைக் கையாளும்போதே தேடணும். பக்கம் இருந்தால் அதை வச்சே வேலையை முடிக்கணும், தப்பு தெரிந்தால் அங்கேயே திருத்தணும், இல்லாவிட்டால் நாலு வரியாவது அப்பவே போட்டுவிடணும். அடுத்தவர் அந்தப் பக்கத்தை எடுத்துப் பயன்படுத்துவதே சரிபார்ப்பு. தனியாக ரிவ்யூ கமிட்டி போட்டு, 40 பக்கம் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நிலை வராது.

ஒரு பக்கத்துக்கு ஒரே பழுது. தலைப்பு விவசாயி போனில் சொல்லும் வார்த்தையில் இருக்கணும். மாதிரிக்கு ஒரு பக்கம் முழுசாகப் போடுகிறேன்:

தலைப்பு: மோட்டார் ஓடி கொஞ்ச நேரத்தில் ட்ரிப் ஆகுது
பொருந்துவது: 3 பேஸ் நீர்மூழ்கி மோட்டார், சாதா ஸ்டார்ட்டர், ஓவர்லோடு ரிலே. விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருந்தால் இந்தப் பக்கம் வேண்டாம்.
சோதனை 1: ஓடும்போது டாங் டெஸ்டரால் (வயரைக் கவ்வி கரன்ட் அளக்கும் கருவி) மூன்று லைனிலும் கரன்ட் எடு. சராசரியை விட்டு அதிகம் விலகும் லைனைப் பார். அந்த வித்தியாசத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கு. உதாரணம்: ஆர் 18, ஒய் 20, பி 25 ஆம்ப்ஸ். சராசரி 21, வித்தியாசம் 4, சமமின்மை 19 சதவீதம். 5 சதவீதத்தைத் தாண்டினால் சோதனை 2. மூன்றும் சமமாக, ஆனால் அதிகமாக இருந்தால் வோல்டேஜ், மணல், பேரிங். அதற்குத் தனிப் பக்கம்.
சோதனை 2: மெயினை ஆஃப் செய்து, சப்ளை இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய். மூன்று மோட்டார் வயரையும் ஒரே பக்கமாக ஒரு இடம் நகர்த்து. ஆர்-யு, ஒய்-வி, பி-டபிள்யு (முன்னது சப்ளை லைன், பின்னது மோட்டார் வயர்) என்று இருந்தது ஆர்-டபிள்யு, ஒய்-யு, பி-வி ஆகும். சுற்றும் திசை மாறாது. மறுபடி கரன்ட் எடு.
முடிவு: அதிகக் கரன்ட் அதே பி லைனில் நின்றால் கோளாறு சப்ளை பக்கம்: ஃபியூஸ், கான்டாக்டர் முனை, டிரான்ஸ்ஃபார்மர். டபிள்யு வயரோடு சேர்ந்து ஆர் லைனுக்குப் போனால் கேபிள் ஜாயின்ட் அல்லது வைண்டிங், மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) போடு.
எங்கே தப்பும்: இரண்டு வயரை மட்டும் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், தண்ணீர் குறையும், சோதனையும் பொய்யாகும். ரிலே அளவை ஏற்றிவிட்டு வருவது தீர்வில்லை.
மற்ற பெயர்கள்: ரிலே அடிக்குது, ஸ்டார்ட்டர் தட்டுது, ஓடி நின்னுடுது
பொறுப்பு: களப் பழுது சீனியர். மறுபார்வை: 6 மாதம்.

‘பொருந்துவது’, ‘எங்கே தப்பும்’ இரண்டையும் விடாதீங்க. கம்பெனி மேனுவலில் சரியான வழி எப்படியும் இருக்கும். அந்த வழி எப்போது உதவாது என்பது சீனியர் தலையில் மட்டும்தான் இருக்கும். பொறுப்பு என்ற இடத்தில் ‘சர்வீஸ் பிரிவு’ என்று எழுதாதீங்க, அது யாருடைய பொறுப்பும் இல்லை. ஓர் ஆள் வேணும்.

கருவி: 22 பேருக்கு புக்ஸ்டாக் என்ற விக்கி மென்பொருள் தாராளம். இலவசம், பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் ஓடும் சின்ன சர்வர் போதும். அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்ற அமைப்பு புதுசாக வருபவருக்கும் உடனே பிடிபடும். டேட்டாபேஸ் தொல்லையே வேண்டாமென்றால் டோக்குவிக்கி, எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல். மீடியாவிக்கி இதற்கு ஒத்து வராது. பக்கவாரியாகப் படிக்கும் உரிமையைப் பூட்டுவது அதன் வடிவமைப்பிலேயே இல்லை. மைக்ரோசாஃப்ட் 365-க்கு ஏற்கெனவே பணம் கட்டுகிறீர்கள் என்றால் ஷேர்பாயின்ட்டே போதும். ஆனால் அதில் வேர்ட் ஃபைலைக் கொட்டாமல் பக்கமாக எழுதுங்க. வேர்ட் ஃபைல் போனில் திறப்பதற்குள் டெக்னீஷியன் பொறுமை போய்விடும், நேரே வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவார்.

சொல்தேடி எழுதியது:

மேலே சொன்ன பக்க அமைப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழில் எழுதப் போகிறீர்கள் என்றால் தேடலில்தான் கவிழும். கருவி வாங்கும் முன் இவற்றைச் சோதியுங்கள்.

பழைய ஆவணங்கள் பாமினி மாதிரி எழுத்துருவில் இருந்தால், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். எந்தத் தேடலும் பிடிக்காது. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது ஒரு பொறி உண்டு: அதே ஆவணத்தில் ஆங்கிலத்தில் இருந்த மாடல் எண், கேபிள் அளவுகளையும் மாற்றும் மென்பொருள் தமிழ் என்று நினைத்துக் குழப்பிவிடும். மாற்றிய பிறகு எண்களையும் மாடல் பெயர்களையும் மட்டும் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது விகுதி. ‘பம்பு’ என்று தேடினால் ‘பம்பில்’, ‘பம்பை’ வராது. யூனிகோடில் ‘பு’ என்பது ப-வும் உகரக் குறியும். ‘பி’ என்பது ப-வும் இகரக் குறியும். சொல்லின் முன்பகுதியை வைத்துத் தேடும் கருவி என்றால் ‘பம்ப’ என்று குறியை விட்டுவிட்டு அடித்தால் மூன்றும் வரும். ‘மோட்டார்’ என்பதற்கு ‘மோட்டார’ என்று புள்ளியில்லாமல் அடித்தால் ‘மோட்டாரில்’, ‘மோட்டாரை’ எல்லாம் வரும். டெக்னீஷியன்களுக்குச் சொல்லித்தர 2 நிமிட வேலை. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கு வேர்ச்சொல் பிரிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் நீங்கள் எடுக்கும் விக்கி அதைப் பயன்படுத்துகிறதா என்று தனியே பார்க்க வேண்டும்.

பிறகு, எழுத்து வேறுபாடு. பேரிங், பியரிங், பேரிங்கு மூன்றும் எழுதுவார்கள். ‘காயில் போச்சு’, ‘வைண்டிங் எரிஞ்சுது’ இரண்டும் ஒன்றே. மாதிரிப் பக்கத்தில் உள்ள ‘மற்ற பெயர்கள்’ வரி இதற்காகத்தான். ஒவ்வொரு பக்கத்திலும் கட்டாயமாக்குங்கள். எல்லோரும் ஒரே சொல்லைத்தான் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை விடுவது வீண் வேலை.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக்குவது) செய்யாமல் ஏற்றினால் இருந்தும் இல்லாததற்குச் சமம். குரல் செய்தியும் அப்படியே.

வாரம் ஒருமுறை, ‘முடிவு எதுவும் இல்லை’ என்று வந்த தேடல்களை எடுத்துப் பாருங்கள். கருவியில் அந்தப் பதிவு இல்லையென்றால் வெப் சர்வர் லாகிலிருந்து தேடிய சொற்களை எடுக்கலாம். அடுத்து எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது.

போர்வெல்_பேனல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ‘மற்ற பெயர்கள்’ வரி எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு சந்தேகம். பக்கத்துக்கு 100 ரூபாய் பரிசு தரலாம் என்கிறார் மேனேஜர். வாட்ஸ்அப்பில் டெக்னிக்கல் கேள்வி கேட்கக் கூடாது, விக்கியில்தான் கேட்க வேண்டும் என்று விதி போடலாமா?

வால்வு_சாவி எழுதியது:

ரெண்டும் வேண்டாங்க.

பக்கத்துக்குப் பணம் என்றால் ஒரு பழுது நாலு பக்கமாகப் பிரியும், மேனுவலில் இருப்பது அப்படியே வந்து உட்காரும். மாசம் இத்தனை பக்கம் என்று இலக்கு வைத்தாலும் இதே கதிதான். கேசிஎஸ்-காரர்களே எண்ணிக்கைக்கு இலக்கு வைக்காதே என்றுதான் சொல்கிறார்கள்.

ஜெராக்ஸ் கம்பெனியில் நடந்ததைப் பாருங்க. ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் 1980-களில் அவர்களுடைய காப்பியர் டெக்னீஷியன்கள் கூடவே போய்க் கவனித்தார். மேனுவல் வரிசைப்படி போய்த் தீராத பழுதை அவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசித்தான் தீர்த்தார்கள். அந்தப் பேச்சைப் பிடித்து வைக்க வந்ததுதான் யூரேகா என்ற குறிப்புத் தொகுப்பு. 1990-களில் பிரான்ஸில் தொலைபேசி வழியே இயங்கிய மினிடெல் முனையம் வழியாக ஓட்டிப் பார்த்தார்கள். டெக்னீஷியன் ஒரு குறிப்பு அனுப்புவார், அந்த மெஷினில் கை தேர்ந்த சக டெக்னீஷியன்கள் சரிபார்ப்பார்கள், அனுப்பியவர் பெயரோடு வெளியாகும். பெயரைப் போடுங்க. இந்த மாதம் யாருடைய பக்கம் அதிகப் புகாரை முடித்தது என்று குழுவில் ஒரு வரி போடுங்க. அளக்கணும் என்றால் முதல் விசிட்டிலேயே முடிந்த புகார் எத்தனை, பக்க இணைப்போடு மூடிய புகார் எத்தனை என்று அளங்க.

வாட்ஸ்அப்புக்குத் தடை போட்டால் ஆட்கள் தனிச் செய்தியில் கேட்பார்கள், இருக்கிறதும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். கேள்வி அங்கேயே வரட்டும். பழுது தீர்ந்ததும் கேட்டவர் ‘தீர்வு’ என்ற சொல்லும் புகார் எண்ணும் போட்டு ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான் விதி. ஆபீஸில் வாரம் ஒருவர் முறை வைத்து, சனிக்கிழமை ஒரு மணி நேரம் ‘தீர்வு’ என்று தேடி, வந்ததையெல்லாம் பக்கமாக்கி, இணைப்பைத் திரும்பக் குழுவில் போடணும். அதன் பிறகு அதே கேள்வி வந்தால் யாரும் பதில் டைப் செய்யக் கூடாது, இணைப்பு மட்டும். பக்கத்தில் தப்பு இருந்தால் அப்பத்தான் சத்தம் வரும், அதுவும் நல்லதுக்குத்தான்.

இதோடு சில்லறை விஷயம்: குழுவின் அட்மின் கம்பெனி நம்பராக இருக்கணும், தானாக அழியும் செய்தி அமைப்பு அணைந்திருக்கணும். நேம் பிளேட் போட்டோவை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்க, சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி சீரியல் நம்பர் படிக்க வராது. விவசாயி பெயர், போன் நம்பர், நிலத்து விலாசம் பக்கத்துக்குள் வரவே கூடாது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பழுதைப் புரிந்துகொள்ள அது தேவையே இல்லை.

தறிமேடை எழுதியது:

மார்ச் என்றால் சீனியர்கள் விஷயம்தான் அவசரம். மற்றதெல்லாம் ஏப்ரலில்கூடச் செய்யலாம்.

அவர்களிடம் நோட்டைக் கொடுத்து ‘தெரிந்ததை எழுதுங்கள்’ என்று கேட்காதீர்கள். 30 வருடம் கையில் படிந்தது அப்படி வராது. பொதுவான அறிவுரைதான் வரும். எரிந்த ஸ்டேட்டர், தேய்ந்த த்ரஸ்ட் பேரிங், ஓட்டை விழுந்த இம்பெல்லர் என்று ஸ்கிராப்பில் கிடப்பதை மேசையில் வைத்துவிட்டுக் கேளுங்கள். முதலில் எதைப் பார்ப்பீர்கள்? எதைப் பார்த்ததும் ‘இது சப்ளை கோளாறு, வைண்டிங் குறையில்லை’ என்று முடிவு செய்வீர்கள்? புதிதாக வருபவர் இந்த இடத்தில் என்ன தப்புச் செய்வார்? வழக்கமான முறையை எப்போது விட்டுவிடுவீர்கள்? ஒரு பொருளுக்கு இந்த நாலு கேள்வி போதும். அதற்கு மேல் கேட்டால் அவருக்கும் சலிப்பு, கேட்பவருக்கும் சலிப்பு.

ஒரு அமர்வு 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கேட்பவர் மேனேஜராக இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு வருட அனுபவமுள்ள டெக்னீஷியன் சரியான ஆள். அவருக்குத் தெரியாதது எது என்று அவருக்கே தெரியும், வெட்கப்படாமல் ‘ஏன்ணா?’ என்று கேட்பார். போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் பேச்சு வழக்கிலும் பட்டறைச் சொற்களிலும் தடுமாறும், எண்களைத் தவறாக எழுதும். கம்பி கேஜ், சுற்று எண்ணிக்கை, இடைவெளி அளவு ஆகியவற்றைச் சீனியரிடமே படித்துக் காட்டி உறுதி செய்யுங்கள். வைண்டிங் டேட்டாவில் ஒரு எண் தவறினால் மோட்டாரே போகும்.

கை வேலைக்கு வீடியோ. ஆனால் சீனியர் செய்வதை எடுக்காதீர்கள். அவர் கை ஓடும் வேகத்தில் எதுவும் தெரியாது, தான் செய்வதில் பாதியை அவர் சொல்லவும் மாட்டார். இளைஞர் செய்யட்டும், சீனியர் பக்கத்தில் நின்று திருத்தட்டும். ‘இங்க இழுக்காதே, இன்சுலேஷன் கிழியும்’ என்று அவர் வாயிலிருந்து வருவதுதான் உங்களுக்கு வேண்டியது. ஒரு வேலைக்கு ஒரு வீடியோ, 3 நிமிடம். ஸ்லாட் லைனர் போடுவது ஒன்று, கேபிள் ஜாயின்ட் அடிப்பது ஒன்று. கேமரா தோளுக்கு மேலிருந்து கையைப் பார்க்கட்டும், முகம் தேவையில்லை. வீடியோவுக்குக் கீழே நாலு வரி எழுத்து இல்லாவிட்டால் தேடலில் வராது.

கடைசி ஒரு மாதம் சீனியர்கள் குழுவில் நேரடியாகப் பதில் சொல்வதை நிறுத்தட்டும். பக்கத்தைப் பார்த்து மற்றவர்கள் சொல்லட்டும், தப்பானால் மட்டும் சீனியர் வரட்டும். என்னென்ன விடுபட்டது என்பது அவர் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

தணிக்கை_மேசை எழுதியது:

சாட்பாட் பற்றி யாரும் சொல்லவில்லை. விற்பனையாளர் காட்டும் டெமோவில் அவருடைய சுத்தமான 20 பக்கங்கள் இருக்கும், உங்கள் ‘ஃபைனல் கரெக்ட் 2’ இருக்காது.

அது வேலை செய்யும் விதம் இதுதான்: ஆவணங்களைத் துண்டு துண்டாக வெட்டி, கேள்விக்கு நெருக்கமான சில துண்டுகளை எடுத்து, அவற்றை வைத்து ஏஐ மாடல் பதில் எழுதும். பழைய டேட்டாவும் புதியதும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் எது வரும் என்பது அதிர்ஷ்டம். அட்டவணை நடுவில் வெட்டுப்பட்டால் தலைப்பு ஒரு துண்டில், எண்கள் இன்னொரு துண்டில் போய், 5 எச்பி வரிசையின் எண் 7.5 எச்பிக்கு வந்து நிற்கும். பதிலோ தடுமாறாமல், நல்ல தமிழில் இருக்கும், அதுதான் ஆபத்து. வைண்டிங் அட்டவணையை சாட்பாட்டுக்குள் விடவே வேண்டாம், இணைப்பு மட்டும் கொடுக்கட்டும்.

உரிமைகளையும் பாருங்கள். பொது ஃபோல்டரில் எங்கோ மூலையில் சம்பளப் பட்டியலோ டீலர் விலையோ கிடந்தால், இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அதன் பாதுகாப்பு. நல்ல தேடல் வந்த அன்றே அது போய்விடும். முதலில் யார் எதைப் பார்க்கலாம் என்று சுத்தம் செய்யுங்கள்.

பிறகும் வாங்குவதாக இருந்தால், வாட்ஸ்அப்பில் உண்மையில் வந்த 50 கேள்விகளை, எழுத்துப் பிழையோடு, அப்படியே கொடுத்துச் சோதியுங்கள். அதில் 10 கேள்விக்கு உங்கள் ஆவணங்களில் விடையே இருக்கக் கூடாது. அந்தப் பத்துக்கும் ‘இல்லை’ என்று சொல்கிறதா பாருங்கள். ஒவ்வொரு பதிலிலும் மூலப் பக்கத்தின் இணைப்பு இருக்க வேண்டும்.

ஐஎஸ்ஓ 9001 சான்று வைத்திருக்கிறீர்களா? 2015 பதிப்பில் 7.1.6 பிரிவு நிறுவன அறிவைப் பற்றியது: தேவையான அறிவு எது என்று தீர்மானித்து, பராமரித்து, வேண்டியவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். ஆடிட்டில் இந்த விக்கியையே காட்டலாம். ஆனால் டிராயிங், வைண்டிங் டேட்டா போன்றவை 7.5-இன் கீழ் வரும் கட்டுப்பாட்டு ஆவணங்கள். அவற்றை எல்லோரும் திருத்தும் விக்கியில் வைக்காதீர்கள். தனி ஃபோல்டர், ஃபைல் பெயரில் டிராயிங் எண்ணும் திருத்த எண்ணும், ஒருவருக்கு மட்டும் எழுதும் உரிமை, பழையது வேறு ஃபோல்டருக்கு. ‘ஃபைனல்’ என்ற சொல்லை ஃபைல் பெயரில் தடை செய்துவிடுங்கள்.

போர்வெல்_பேனல் எழுதியது:

50 கேள்விகளைக் குழுவிலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டோம். புக்ஸ்டாக் போடுவதாக முடிவு. சர்வர் ஆபீஸிலேயே இருக்கும். பேக்கப்புக்கு எதையெல்லாம் எடுக்க வேண்டும்? ஸ்டார்ட்டர் பேனலுக்குள் க்யூஆர் ஒட்டும் யோசனையும் இருக்கிறது.

குறிப்பேடு எழுதியது:

டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) மட்டும் எடுத்தால் படங்கள் வராது. டம்ப்போடு பப்ளிக் ஃபோல்டருக்குள் இருக்கும் அப்லோட்ஸ், ஸ்டோரேஜ் ஃபோல்டருக்குள் இருக்கும் அப்லோட்ஸ், அமைப்பு விவரங்கள் இருக்கும் டாட் என்வ் ஃபைல், நாலும் சேர்ந்துதான் பேக்கப். தினம் இரவு ஓடட்டும், ஒரு நகல் ஆபீஸுக்கு வெளியே போகட்டும். மூணு மாசத்துக்கு ஒருமுறை வேறொரு மெஷினில் ஏற்றி, படத்தோடு ஒரு பக்கம் திறக்கிறதா என்று பாருங்க. சர்வர் ஆபீஸில் இருந்தால் வெளியூர் டெக்னீஷியன் போனிலிருந்து எப்படி வருவார் என்பதையும் இப்பவே முடிவு பண்ணிக்கோங்க. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து விடுவதைவிட விபிஎன் மேல்.

க்யூஆரில் பக்கத் தலைப்பு உள்ள முகவரியை வைக்காதீங்க, தலைப்பை மாற்றினால் முகவரியும் மாறும். நிரந்தர இணைப்பு என்று ஒன்று தரும், அதை வையுங்க. பேனல் கதவின் உள்பக்கம், கான்டாக்டருக்கு நேரெதிரே ஒட்டாமல் கீழே ஒட்டுங்க. சிக்னல் இல்லாத தோட்டம் நிறைய இருக்கும். அதனால் முதல் 10 பக்கத்தைப் பிடிஎஃப்பாக எடுத்து ஒவ்வொருத்தர் போனிலும் போட்டுவிடுங்க, அடிக்குறிப்பில் எடுத்த தேதியோடு.